இடப்பக்கச் சீட்

விடியற்காலை மூன்றே முக்கால். தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு வரும் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். தெரு விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடம் அது... கரண்ட் இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. அந்தப் பாதையில் அந்த நேரத்தில் ஒரே ஒரு பிக்கப். ஓட்டியது ஒரு பெண்.

அந்த போன் வெளிச்சத்தை அணையுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைக்கு அந்த நேரத்தில் தெருவில் என்ன வேலை என்று யாராவது ஆரம்பித்தால், கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். அதைக் கேட்கத் தெல்தெனியவில் ஆயிரம் பேர் இருந்தார்கள். டீசல் தரத்தான் ஒருவரும் இல்லை.

அவள் பெயர் பாயிஸா. என் நண்பன் முஹ்ஸின், பக்கத்துத் துணிக்கடையில் நிற்கிறானே, அவனுடைய சாச்சி, சின்னம்மா. அவள் புருஷன் சாஹுல் ஹமீது அந்தப் பிக்கப்பில் மரக்கறி ஏற்றிப் பிழைத்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. வாரத்தில் இரண்டு நாள் ஐந்து மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், மெஷினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்ய. ஆகவே அவர் இடப்பக்கச் சீட்டுக்கு மாறினார். ஸ்டியரிங்கை அவள் பிடித்தாள்.

ஊசி ஏற்றி ஏற்றி அவருடைய கை வீங்கியிருக்கும். பெல்ட்டை இழுக்க வராது. அவள்தான் குறுக்கே குனிந்து இழுத்து மாட்டுவாள். டக்... அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த வருடம் பழைய பெட்டரி செத்துப்போனது. புதுசு கடையில் இல்லை. முஹ்ஸின் அலைந்து திரிந்து, கலகெதரப் பக்கம் ஒரு கராஜில் பாவித்த பெட்டரி ஒன்றை வாங்கி வந்தான். எந்த வாகனத்தில் இருந்தது என்று அவன் கேட்கவில்லை. அந்த வருடம் நாங்கள் எதையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கிடைத்ததே பெரிய காரியம்.

பெட்டரி மாட்டிய முதல் பயணம்தான் நான் சொன்ன மூன்றே முக்கால்.

நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவு. கீழே தண்ணீருக்குள், அணை கட்டியபோது மூழ்கிய பழைய தெல்தெனிய கிடக்கிறது, கடைத்தெருவோடு. அங்கே வந்ததும் ஹெட்லைட் இரண்டும் மஞ்சளாகின... பிறகு சிவப்பாகின. எஞ்சின் மட்டும் ஒழுங்காக ஓடியது. உள்ளே ஒரு வாசனை. குளம் வற்றும்போது அடிக்குமே, அழுகின சேற்று வாசனை, அதுதான். ஜன்னல்கள் நன்றாக மூடியிருந்தன.

சாஹுல் ஹமீது மெதுவாகச் சொன்னாராம், சீட் ஈரமாக இருக்கிறது என்று. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று சொன்னார்.

"மடியில ஆரோ குந்தி ஈக்கிற மாதிரி பாரமா ஈக்கி, பாயிஸா."

மனுஷன் மூச்சு வாங்கினார். அவள் அக்ஸிலரேட்டரை மிதித்தாள். கண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த முறை அதுவும் முடியவில்லை. இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்பவே இல்லை. பெட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு வாகனம் கேட்டாள். எல்லாம் பெட்ரோல் வரிசையில் நின்றன. அம்புலன்ஸுக்கு அழைத்தாள், வருகிறோம் என்றார்கள், வரவில்லை. கிளினிக் தவறிப்போனது. இரண்டு நாளில் அவருடைய கால் வீங்கி, முகம் ஊதி, படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் போனில் சொன்னது ஒன்றே ஒன்று. அடுத்த முறையும் தவறினால் ஆளைக் காப்பாற்ற முடியாது.

அந்த அடுத்த முறைக்கு முந்தின இரவு, முஹ்ஸின் இருளப்பன் பாஸைக் கூட்டிக்கொண்டு போனான். கம்பளைக்கார மெக்கானிக். வாகன வயரிங்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. திருநீறு பூசாமல் வயரைத் தொடமாட்டார். போன நேரம் கரண்ட் இல்லை. வாசலில் கும்மிருட்டு. சாஹுல் ஹமீதை உள்ளே தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் மூச்சு வாசல் வரைக்கும் கேட்டது... கர்ர்... கர்ர்...

பாஸ் பெட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பாடியில் பூட்டியிருக்கும் எர்த் வயரைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினார். தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்தார். சார்ஜ் ஒழுங்காக ஏறியது. அப்படியென்றால் நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. எஞ்சினை நிறுத்தினார். நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பெட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்ப்பை மாட்டினார். எங்கேயாவது கரண்ட் போனால் அந்தப் பல்ப் எரியும். போகாவிட்டால் எரியாது. அவ்வளவுதான் வித்தை.

பல்ப் எரிந்தது.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எரிந்தது. ரேடியோ, அல்டர்னேட்டர் என்று இருந்த வயரையெல்லாம் கழற்றினார். எரிந்தது. கூரை விளக்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல்ப் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பெட்டரியைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடிப்பள்ளத்தில் காய்ந்த வண்டல் அப்பியிருந்தது, தண்ணீருக்குள் கிடந்த வாகனத்திலிருந்து எடுத்தமாதிரி. அவர் முஹ்ஸினைப் பார்த்தார். முஹ்ஸின் வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு பாஸ் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

பல்ப் அணைந்தது.

கதவை மூடினார். ஒரு நொடி... இரண்டு நொடி... எரிந்தது. திறந்தார். அணைந்தது. வலப்பக்கக் கதவைத் திறந்து மூடினார். ஒன்றும் மாறவில்லை. கதவைத் திறந்தால் வண்டி கூடுதலாகக் கரண்ட் எடுக்கலாம், குறைய வழியே இல்லை. மறுபடி இடப்பக்கம். ஏழெட்டுத் தடவை. திறந்தால் அணைகிறது, மூடினால் எரிகிறது. திறக்கும்போது எழுந்து நின்று, மூடியதும் திரும்ப உட்காருகிற மாதிரி.

இருளப்பன் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நாப்பது வருஷமா வயரிங் பாக்குறேன். இது வயரிங் இல்ல. பெட்டரியக் கழட்டி ஆத்துல போட்டுட்டு, வண்டிய வித்துருங்க."

"வித்தா நாளைக்கி இவரு எதுல போற?"

வீட்டுப் பெரியவர்கள் ஓதிப் பார்க்கலாம் என்றார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை அந்த மூச்சு தாங்குமா? பாயிஸா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனாள். இடப்பக்கக் கதவை அகலத் திறந்தாள். உள்ளேயிருந்து சேற்று வாசனை எழுந்து வந்தது. முஹ்ஸின் இரண்டடி பின்னால் போனானாம். அவள் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. காலியான அந்தச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"இது சொகமில்லாத மனிசன்ட எடம். ஆரா இருந்தாலும் எறங்குங்க. ஒங்களுக்கு எங்க போகணுமோ எனக்குத் தெரியா. வரத்தான் வேணுமெண்டா பின்னால ஏறி வாங்க. இந்தச் சீட்டுல மட்டும் குந்த வேணாம்."

சத்தம் போடவில்லை. பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் கேட்கிற தோரணையில்தான் கேட்டாளாம். கேட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளே அந்த மூச்சு... கர்ர்... கர்ர்...

பின் பெட்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. அவ்வளவுதான்.

அவள் கதவை அறைந்து மூடினாள். பல்ப் எரியவில்லை.

"பூட்டுங்க பாஸ். நேரமாகுது."

அன்று ஐந்து மணிக்கு சாஹுல் ஹமீது மெஷினில் இருந்தார். வளைவில் ஹெட்லைட் மங்கவில்லை. சீட் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு பெட்டரி ஒரு நாளும் இறங்கவில்லை. பின் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் எந்தக் கோடையிலும் ஈரம் காயாது. அவள் மரக்கறிப் பெட்டிகளை மற்ற மூலையில் அடுக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் புது காவலாளி டோர்ச் அடித்துப் பார்த்தானாம். பின்னால் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஐயாவுக்கு நம்பர் எடுக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். சாஹுல் ஹமீது சட்டென்று பின்னால் திரும்பினார். பாயிஸா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு கிளினிக் இல்லை, அவர் வண்டியிலேயே இருப்பார் என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினாள்.

சிரியுங்கள். நானும் சிரித்தேன். அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அரசாங்கம் கைவிட்ட வருடத்தில், பேயிடம்கூட இடம் கேட்டு வாங்கி, புருஷனை இரண்டு வருடம் உயிரோடு வைத்திருந்தாள்.

இரண்டு வருடம். பிறகு அவர் மவுத்தானார். பாதையில் அல்ல, மூச்சு முட்டியும் அல்ல. வீட்டில், தூக்கத்தில்.

பாயிஸா இத்தா இருந்தாள், புருஷனுக்கான துக்க நாட்கள். நான்கு மாதம் பத்து நாள், வாசலைத் தாண்டவில்லை. பிக்கப்பின் சாவி அவளுடைய அலுமாரியில். ஒருவரும் தொடவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். இனி யாரை ஏற்றப் போகிறாய் என்று கேட்டார்கள். மரக்கறியை ஏற்றுவேன் என்றாள்.

இத்தா முடிந்த மறுநாள் விடியற்காலை முஹ்ஸின் போயிருந்தான். தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும் என்று இரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தான். பின் பெட்டி மூலையில் ஈரம் அப்படியே இருந்தது. பாயிஸா முன்னால் பொனட்டைத் திறந்து, இருளப்பன் பாஸ் செய்தமாதிரி பல்ப்பை மாட்டினாள்.

எரிந்தது. நான்கு மாதம் நின்ற பெட்டரி... பளிச்சென்று.

அவள் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். பல்ப் அணையவில்லை.

சேற்று வாசனை இல்லை. சீட்டில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமும் இல்லை. சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ உட்கார்ந்த மாதிரி.

முஹ்ஸின் எதிர்பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கு என்று சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள். பல்ப்பைக் கழற்றி வயரைப் பூட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். குறுக்கே குனிந்து, இடப்பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். டக்... பிறகு சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்.

தள்ள வந்தவர்கள் கைதட்டினார்கள். முஹ்ஸின் மட்டும் ஜன்னலுக்குள்ளே பார்த்தான். பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லையாம். ஒரு சாண் முன்னால் தள்ளி, வளைந்து நின்றதாம்... நிதானமாக, சத்தமே இல்லாமல், கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி.