மேல்வீட்டுத் தரை

முதலில் வாங்க வேண்டியது மானிட்டர் ஸ்பீக்கர்கள். ஆழமான அதிர்வுகளுக்கான சப்வூஃபர் அதற்குப் பிறகுதான். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அறை முழுக்க உறுமுகிறது என்று புலம்புகிறார்கள். என் அறை பத்தடிக்கு ஒன்பதடி. அதற்கு ஐந்து அங்குல மானிட்டர் ஒரு ஜோடி போதும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காது உயரத்தில் வைக்க வேண்டும். மானிட்டர் எதையும் அழகுபடுத்தாது. நடிகையின் வாயில் எச்சில் ஒட்டும் சத்தம், மேசைக்கு அடியில் யாரோ கால் மாற்றும் சத்தம், எல்லாவற்றையும் அப்படியே முன்னால் கொண்டுவந்து வைக்கும். பதினெட்டு வருடமாக நான் செய்யும் வேலையே அதுதான். தொலைக்காட்சித் தொடர்களின் வசனத்திலிருந்து தேவையில்லாத சத்தங்களை எடுத்துவிடுவது.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது, இன்ஸ்பெக்டர். பியோ தல்சூ குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தார் என்று எழுதி மூடிய கோப்பை மறுபடி திறக்கச் சொல்லி, கீழ்வீட்டுக்காரன் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். சப்வூஃபரிலிருந்து ஆரம்பித்தால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

பூச்சோனில் அந்த ஆறாவது மாடி வீட்டுக்கு மூன்று வருடம் முன்பு குடிவந்தேன். வந்த அன்றே சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக்கை எல்லோரையும் போலப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோனேன். ஏழாவது மாடியில் மணி அடித்தபோது உள்ளே மணிச்சத்தம் கேட்கவில்லை. கதவிடுக்கில் ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. கதவைத் திறந்த மேங் ஓக்பூன் அம்மா தன் காதைத் தொட்டுக் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். பின்னால் அவர் கணவர் பியோ. இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர் சுவரோரம் நின்று இரண்டு கையாலும் கேக்கை வாங்கிக்கொண்டார்.

காது கேளாதவர்கள் அடுத்த அறையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. தரையைக் காலால் தட்டுவார்கள். பியோ கூப்பிட்டால் இரண்டு தட்டு. பக்கவாதம் வந்து தேறியவர் என்பதால் முதலாவது கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். அந்த அம்மா கூப்பிட்டால் குதிகாலால் மூன்று. சாப்பிட வா, மாத்திரை போட்டாயா, மழை வருகிறது துணியை எடு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை. ஒவ்வொன்றும் கான்கிரீட் வழியாக இறங்கி என் தலைமேல் விழுந்தது.

கட்டடக் காவல்காரரிடம் சொன்னேன்.

"அவங்களுக்குக் காது கேக்காது சார். கீழ எவ்ளோ சத்தம் போகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "பாவம், சின்னப் புள்ளைங்க ஓடி ஆடுற வீடா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஓடி ஆடுற புள்ளைங்க வளந்துருவாங்க" என்றேன்.

மறுநாளே அந்த அம்மா ஒரு பை சீமைப்பனிச்சைப் பழத்தோடு வந்து குனிந்து வணங்கினார். வீடு முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு போட்டார்கள். அதுதான் வினையானது. விரிப்பில் தட்டினால் அடுத்த அறையில் கால் உணராது. உணரவில்லை என்றால் இன்னும் ஓங்கித் தட்ட வேண்டும். என் பொருட்டுப் போட்ட விரிப்பு, முன்பைவிடப் பெரிய சத்தத்தை எனக்கு அனுப்பியது. இதை அவர்களிடம் நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். எழுதவில்லை.

அந்த மாதம்தான் சப்வூஃபர் வாங்க யோங்சானில் தாக் அண்ணனின் ஒலிக்கருவிக் கடைக்குப் போனேன். இருபது வருடப் பழக்கம்.

"பத்தடி ரூமுக்குப் பன்னிரண்டு இஞ்சா? போன்சோக், வீட்டுக்குள்ள சினிமா கொட்டகை கட்டப் போறியா?"

"ஒரு தொடர்ல இடி வருதுண்ணே."

"நீ பண்றது மாமியார் மருமக சண்டை. அதுல எங்கடா இடி?"

"மாமியார் வரும்போது."

சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று காற்றுத்துளை வைத்தது. அதில் அடி விழுந்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். மற்றது முழுக்க மூடியது. அதில் அடி சட்டென்று விழுந்து சட்டென்று நிற்கும். காலடி அப்படித்தான் விழும். நான் மூடிய பெட்டியைக் காட்டினேன்.

"இது எவ்ளோ கீழ போகும்?"

"இருபது ஹெர்ட்ஸ் வரைக்கும். அந்த ஆழத்துக்குப் போயிட்டா அப்புறம் காதுக்கு வேலை இல்லடா, காலுக்குத்தான் வேலை."

"அது போதும்ணே" என்றேன்.

சப்வூஃபரைத் தரையில் வைப்பதுதான் வழக்கம். நான் அலமாரியின் உச்சியில், முகம் கூரையைப் பார்க்க வைத்தேன். ஐந்தாவது மாடிக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்றுதான் அப்படி வைத்தேன். அவர்களுக்குக் கைக்குழந்தை இருந்தது.

கூரையில் அதிர்வைப் பிடிக்கும் ஒட்டுமைக் ஒன்றை ஒட்டி, மேல்வீட்டுத் தட்டல்களை ஒரு வாரம் பதிவுசெய்தேன். பியோவுடையது தனி, அம்மாவுடையது தனி. குளிர்பெட்டி உறுமலை எடுத்துவிட்டுச் சுத்தமாக்கினேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அம்மா சமையலறையில் இருக்கும்போது, பியோவின் இரண்டு தட்டலை மேலே அனுப்பினேன். கனமாக ஒன்று, லேசாக ஒன்று.

காலடிகள் புறப்பட்டன. சமையலறையிலிருந்து உள்ளறைக்குப் பதினோரு காலடி. அங்கே நின்றன. பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் அவர்கள் கைகளால் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டாயா. இல்லையே. பிறகு பதினோரு அடி திரும்பி வந்தன.

அவ்வளவுதான் செய்ய நினைத்தேன். என் வேலையில் அவர்கள் குறுக்கிட்ட மாதிரி அவர்கள் வேலையில் நானும் ஒருமுறை குறுக்கிட்டால் கணக்குச் சரி என்று தோன்றியது. ஆனால் அந்த மௌனம் எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆறு வாரம் செய்தேன். சில நாள் பியோவை எழுப்பி அனுப்பினேன், சில நாள் அம்மாவை. ஒருமுறை இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டேன். நடுக்கூடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அன்று மௌனம் நீளமாக இருந்தது. காது கேட்காதவர்கள் சண்டை போட்டால் கீழ்வீட்டுக்கு எதுவும் கேட்பதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று அவர்கள் மகள் ஹாயோங் என் கதவைத் தட்டினாள். அவளுக்குக் காது கேட்கும். ஆன்சானில் பல் மருத்துவமனையில் வேலை. அம்மா அவள் பின்னால் லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தரையில யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்குன்னு அம்மா சொல்றாங்க. போய்ப் பாத்தா அப்பா தூங்கிட்டு இருக்காராம். உங்களுக்கு ஏதாவது அதிர்ற மாதிரி இருக்கா?"

நான் சற்று யோசிப்பதுபோல நின்றேன்.

"இருக்கும்மா. லிஃப்ட் மோட்டார்தான். பழைய கட்டடம் பாருங்க, அடிக்கடி அப்படித்தான் உதறும். எனக்கும் வருது."

"அப்படியா! நல்லவேளை சார். அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சோன்னு ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. அப்பா வேற, நான் கூப்பிடவே இல்ல, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு திட்டுறாராம்."

"சேச்சே. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டாம்னு சொல்லுங்க. முட்டிதான் வலிக்கும். கண்டுக்காம விட்டாப் பழகிடும்."

ஹாயோங் திரும்பி அம்மாவிடம் கையால் சொன்னாள். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, அதன்மேல் முஷ்டியால் இரண்டு குத்து. பிறகு ஈ ஓட்டுவதுபோல ஒரு வீச்சு. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சைகைமொழி தெரிய வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் முகம் தெளிந்தது. என்னைப் பார்த்து மூன்று முறை குனிந்தார்.

அடுத்த நாள் சோதித்துப் பார்த்தேன். பியோவின் தட்டலை அனுப்பினேன். காலடி எதுவும் நகரவில்லை. இன்னொரு முறை. நகரவில்லை. இரண்டு மூன்று நாளில் அவர்களும் தரையைத் தட்டுவதை அநேகமாக விட்டுவிட்டார்கள். நான் சப்வூஃபரை அணைத்து, அலமாரியிலிருந்து இறக்கி, முறையாக மூலையில் வைத்தேன். வீடு அமைதியானது. அடுத்த இரண்டு வாரம் நான் செய்த வேலை நல்ல வேலை.

இருபத்தோராம் தேதி, புதன்கிழமை. குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். மேலே அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். பலகைச் சத்தம் சீராக வந்தது. எனக்கு ஒரு காட்சி அன்று மாலை அனுப்பியாக வேண்டும். அண்ணனும் தங்கையும் மேசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி. பேசாத இடத்தைச் சுத்தம் செய்வதுதான் சிரமம்.

இரண்டே முக்காலுக்குக் குளியலறைப் பக்கம் கனமான ஒன்று விழுந்தது. சற்று நேரம் எதுவுமில்லை. பிறகு தட்டல். காலால் அல்ல. பிளாஸ்டிக் சொம்பால் ஓட்டுத் தரையில். இரண்டு. இடைவெளி. இரண்டு.

மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள். அப்படி நினைக்கவில்லை. கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒரு மனிதன் நின்றுகொண்டு தட்டுவதற்கும் படுத்துக்கொண்டு தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போனால் வேறு யாருக்குத் தெரியும்?

அம்மா எழுந்து போவார் என்று காத்திருந்தேன். எண்ணினேன். பதினொன்றாவது தட்டலின்போது முள்ளங்கிச் சத்தம் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் தரையில் படிந்திருந்தன. உணர்ந்திருக்கிறார். நான் அந்தக் காலடிகளை எதிர்பார்த்தேன்.

முள்ளங்கிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

மேலே போகப் பதினாறு படி. அவர்கள் வீட்டு மணியை அழுத்தினால் உள்ளே விளக்கு மின்னும். காவல்காரரை அழைக்க என் கதவுக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது. ஆனால் போனால், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். தட்டல் இவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்றால் அதை ஏன் லிஃப்ட் மோட்டார் என்றீர்கள் என்று ஹாயோங் கேட்பாள். இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்ததும் போகலாம் என்றிருந்தேன். மொத்தம் நாற்பத்தொரு தட்டல். கடைசி ஐந்து இரட்டையாக வரவில்லை.

நாலேகாலுக்குக் காலடிகள் குளியலறைக்கு ஓடின. அதற்குப் பிறகு வந்தது அந்த அம்மாவின் குரல். மூன்று வருடத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன். அவருக்கு அது கேட்டிருக்காது.

விழுந்த பிறகு ஒரு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாக ஹாயோங் சொன்னாள். உங்கள் ஆட்கள் அன்று வந்து ஏதாவது கேட்டதா என்று விசாரித்தபோது, வேலையில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

முந்தாநாள் அந்த அம்மா என் வீட்டுக்கு ஒரு டப்பா கிம்ச்சி கொண்டுவந்தார். அன்று நறுக்கிய முள்ளங்கிதான். வீணாக்கக்கூடாதல்லவா. கூட ஒரு சீட்டு. 'இத்தனை நாள் எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. கூப்பிட ஆள் இல்லாததால் இனி சத்தம் இருக்காது.' குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நான் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகப் புளித்திருந்தது. சாப்பிட்டு முடித்தபோது இங்கே வருவதென்று முடிவு செய்திருந்தேன்.

இந்தச் சின்ன நினைவக அட்டையில் அன்றைய பதிவு இருக்கிறது. கூரை மைக்கையும் அறை மைக்கையும் நான் அணைத்திருக்கவில்லை. சாதாரணக் கணினி ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்காதீர்கள், அடி எதுவும் வராது. நல்ல மானிட்டரில் கேளுங்கள். நேற்று முழுக்க உட்கார்ந்து உங்களுக்காகச் சுத்தம் செய்திருக்கிறேன். குளிர்பெட்டி உறுமல் இல்லை, தெருவில் போன வண்டி இல்லை. தட்டல்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கின்றன, முள்ளங்கி நிற்கும் இடமும்.

இன்னொன்றையும் எடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டாவது தட்டலுக்குப் பிறகு என் நாற்காலி பின்னால் நகர்ந்தது. நான் எழுந்திருந்தேன். அரை நிமிடம் கழித்து அது மறுபடி முன்னால் நகர்ந்தது. தேவையில்லாத சத்தம் என்பதால் எடுத்துவிட்டேன்.