ஒரு கம்பு தூரம்

காப்பி நன்றாக இருக்கிறது மேடம். படகுத்துறைக் கடையில் தருவதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடி வழிகாட்டி என்றால் மீன் பிடித்துக் கொடுப்பவன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்குப் பிடிக்கத் தெரியும். கத்துக்குட்டிகளை நான் படகில் ஏற்றுவதே இல்லை. இருபது முப்பது வருஷம் தூண்டில் போட்டவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மீன் எங்கே கிடக்கிறது என்பதும், அந்த இடத்தில் படகை அசையாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும்தான். ஹாலோவே ஏரிக்குள் ஒரு காடே மூழ்கி நிற்கிறது, உங்களுக்குத் தெரியும். பாஸ் மீன் அந்தப் பட்ட மரங்களின் காலடியில் கிடக்கும். படகு கிட்டே போனால் ஓடிவிடும், தள்ளிப் போனால் இரை எட்டாது.

நான் முன்தளத்தில் நிற்பேன். படகின் மூக்கில் சத்தமில்லாத சின்ன மின்மோட்டார், அதற்கு என் வலது காலடியில் பெடல். காற்று தள்ளினால் கால் மிதிக்கும், காற்று விட்டால் கால் விடும். நான் பேசிக்கொண்டிருப்பேன், பிஸ்கட் தின்பேன், கால் அதன்பாட்டுக்கு வேலை பார்க்கும். நான் அதற்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடங்கள்தான் என் சொத்து. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க எத்தனை குளிர்காலம் போயிற்று என்று எனக்கே தெரியாது. என் மனைவி வெளியேறிய அன்றுகூட நான் ஏரியில்தான் இருந்தேன். சில வருஷம் முன்பு லோனி ஹாக் என்று ஒருவர் வந்தார். இனிக்க இனிக்கப் பேசுவார், எனக்குத் தொப்பிகூட வாங்கிவந்தார். காலுறைக்குள் போனை வைத்துக்கொண்டு, போன இடமெல்லாம் குறித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை என் மூன்று இடங்களிலும் அவருடைய சிநேகிதர்கள் நின்றிருந்தார்கள். எனக்குக் கையசைத்தார்கள். அந்தக் கோடைக்குள் மூன்று இடத்திலும் மீன் அற்றுப்போயிற்று. வயிறு எரிந்தது மேடம், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். படகில் ஏறுமுன் எல்லாரும் போனை என் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். துறைக்குத் திரும்பியதும்தான் திறப்பேன்.

கேலன் ப்ரூவிட் போன அக்டோபரில் முதல்முறை வந்தார். லாங்வியூவில் குழாய்க் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். டப்பாவை நீட்டினேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

"கண்ணையும் கட்டிவிட்டுடறியா ராய்ஸ்? உன் பொண்டாட்டிகிட்டகூட எடத்தச் சொல்லியிருக்க மாட்ட போல."

"அவ கேட்டதே இல்ல சார். கேக்காமலே போயிட்டா."

"நானா இருந்தா கேட்டுட்டுப் போயிருப்பேன்பா."

அவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. தடித்த, கறுப்பான, பக்கத்தில் பொத்தான் வைத்த கடிகாரம். அதைக் கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

நல்ல தூண்டில்காரர். அதை மறைக்க மாட்டேன். அவர் எறிந்தால் இரை தண்ணீரில் விழுகிற சத்தமே கேட்காது. பெரிய மீன் ஒன்றைப் பிடித்து, கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக நீரில் விட்டார். கையைப் பேன்ட்டில் துடைத்தார். பிறகு கடிகாரத்தின் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார்.

சின்ன மீனுக்கு அமுக்கவில்லை. மீன் கிடைக்காத இடத்தில் அமுக்கவில்லை. அடுத்த நல்ல மீனுக்கு மறுபடியும் அமுக்கினார்.

"மணி பாக்கறீங்களா சார்?" என்றேன்.

"மணி கெடக்கட்டும். இது வீட்டுக்காரி சமாச்சாரம்." அவ்வளவுதான் சொன்னார். கண்ணைச் சிமிட்டினார்.

மீன் பிடிக்கிற இடத்தில் வீட்டுக்காரிக்கு என்ன சமாச்சாரம் இருக்க முடியும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். பொய் சொல்கிறவன்தான் கண்ணைச் சிமிட்டுவான். லோனியும் சிமிட்டுவார்.

நவம்பரில் வந்தார், டிசம்பரில் வந்தார். டிசம்பரில் அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. பாஸ் மீனின் பல் பட்டால்தான் அப்படி ஆகும். உங்கள் விரலும் அப்படித்தான் இருக்கிறது, வந்ததுமே பார்த்தேன். அதனால்தான் உங்களிடம் பேசலாம் என்று தோன்றியது. என் படகில் அன்று அவர் இன்னும் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் முந்தின நாள் எங்கே பிடித்தார்?

கேட்டேன். "பேத்திய அவங்க பண்ணைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ பிடிக்க, நான் கழட்டிவிட. விரலே போச்சுப்பா," என்றார். பதில் கையிலேயே தயாராக இருந்தது. தயாராக இருக்கிற பதிலை நான் நம்புவதில்லை.

ஜனவரியில் என் இடம் ஒன்றில் ஒரு பச்சைப் படகு நின்றது. நான் நெருங்குமுன் கிளம்பிப் போய்விட்டது. கேலனுக்குப் படகே கிடையாது, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு விற்றுவிட்டார் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். படகு இல்லாதவனுக்குப் படகு வைத்திருக்கிற சிநேகிதன் இருக்கமாட்டானா?

அப்போதும் நான் அவசரப்படவில்லை. சந்தேகத்தின் பேரில் ஓர் ஆளைத் தண்டிக்கிறவன் இல்லை நான். ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். என்னிடம் தேவாலயப் படிகள் என்று ஓர் இடம் இருந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன தேவாலயம், இப்போது மிச்சம் கல் படிகள் மட்டும். பிப்ரவரியில் முட்டை சுமந்த பெரிய பெட்டைகள் எல்லாம் அந்தப் படிகளில்தான் வந்து ஒதுங்கும். வேறு ஒரு ஜீவனை அங்கே நான் கூட்டிப்போனதில்லை. அவரைக் கூட்டிப்போனேன். அங்கேயும் அமுக்கினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மூடுபனி. ஏரியில் வேறு படகு இல்லை. தண்ணீர் கை வைக்க முடியாத குளிர். தூண்டில் கம்பு வீச இடைஞ்சலாக இருக்கிறது என்று மிதவை அங்கியைக் கழற்றி இருக்கைக்குக் கீழே போட்டார். போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் கழற்றுவார்கள், நீங்களும் கழற்றுவீர்கள்.

மூன்றாவது வீச்சில் மாட்டியது. நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய மீன்களில் ஒன்று. மரத்தைச் சுற்றப் பார்த்தது, விடவில்லை அவர். குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே கிட்டே கொண்டுவந்தார். தாடையைப் பிடிக்கக் குனிந்தார். தளத்தில் பனி ஈரம். கால் வழுக்கியது.

தலை மேலே வந்ததும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். "யப்பா, ஐஸ்தான் இது. கையக் குடு ராய்ஸ். மீனு போச்சா?"

கொடுக்கத்தான் திரும்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் அவருடைய ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டுக்குப் போயிற்று. பொத்தானை அமுக்கினார்.

மேடம், கழுத்தளவு தண்ணீரில், அந்தக் குளிரில், அந்த மனுஷன் என் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

நான் கை நீட்டவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். தள்ளவும் இல்லை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அவர் படகை நோக்கி நீந்தினார். படகு விலகியது. ஒரு கம்பு நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, எப்போதும் மரத்துக்கும் படகுக்கும் நடுவில் நான் வைத்திருக்கிற தூரம். அவர் இரண்டு கை போட்டால் கால் ஒரு மிதி மிதித்தது. அவர் நின்றால் கால் நின்றது. நான்தான் சொன்னேனே, அதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"படகு போகுதுப்பா," என்றார்.

"காத்து சார்," என்றேன்.

காற்று இல்லை. பனி அப்படியே நின்றது. அவருக்கும் அது தெரிந்தது, என் முகத்தைப் பார்த்தார். கரைக்குத் திரும்பியிருக்கலாம், எட்டிவிடக்கூடிய தூரம்தான். ஆனால் படகு எந்நேரமும் கரையைவிடக் கிட்டத்தில் இருந்தது. அதனால் அவர் படகையே பார்த்து வந்தார்.

"எத்தன எடம் குறிச்சீங்க சார்?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"எடமா? என்னப்பா சொல்ற? வெளயாடாத ராய்ஸ். நெஞ்ச அடைக்குது."

"சொல்லிட்டீங்கன்னா ஏத்திக்கறேன்."

சொல்லவில்லை. நின்று நின்று வந்தார், நின்றபோதெல்லாம் பொத்தானை அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கும் என் நெஞ்சில் விழுந்தது. என் பெயரை இன்னொரு முறை சொன்னார் என்று நினைக்கிறேன், கோட்டு ஈரத்தில் கனத்துப்போய்விட்டது. ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் போதும், தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அழுத்தமான ஆள்.

பிறகு டப்பாவைத் திறந்து போனை எடுத்து உங்கள் போலீஸ் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். விழுந்தார், உடனே மூழ்கிவிட்டார் என்று சொன்னேன். இடம் எது என்று கேட்டார்கள். தேடுகிற படகுகளையெல்லாம் தேவாலயப் படிகளுக்கு வரவழைக்க மனம் வரவில்லை. வடக்கே பாலத்துப் பக்கம் என்று சொன்னேன். அங்கே நீங்கள் எல்லாரும் கொக்கி போட்டுத் தேடினீர்கள். நானும் கூட வந்து தேடினேன். முதுகு ஒடிந்துவிட்டது.

மறுநாள் அவர் மனைவி நெல்டா துறையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய தெர்மாஸ். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள்.

"நல்ல மீனு மாட்டுனா அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும் ராய்ஸ். அந்தக் கடிகாரம் அத என் போன்ல காட்டும், நான் பயந்துடுவேன். அதுக்குத்தான் அந்தப் பொத்தான். அமுக்குனா, மீனுதான்டி, பயப்படாதன்னு அர்த்தம்." தெர்மாஸ் மூடியைத் திருகித் திருகி மூடினார். "அன்னிக்கு ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. இந்த மனுஷனுக்கு இன்னிக்கு யோகம்தான்னு அடுப்படியில நின்னு சிரிச்சிட்டிருந்தேன்."

அப்புறம் போனை உங்களிடம் காட்டினார். அமுக்கும்போதெல்லாம் அவர் இருந்த இடமும் கூடவே அதில் வந்திருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அவரை நீங்கள் தூக்கியது பாலத்தடியில் இல்லை, அந்தக் கடைசிப் புள்ளிக்குக் கீழே.

இப்போது மேஜைமேல் விரித்திருக்கிறீர்களே, அந்த ஏரி வரைபடத்தை உங்களைவிட நன்றாக என்னால் வாசிக்க முடியும். படிகளில் தொடங்கி நடு ஏரிக்கு நேர்கோடாகப் போகிற இந்தச் சிவப்புப் புள்ளிகளை வைத்து, ஒரு மனுஷன் கரையை விட்டுவிட்டு எதன் பின்னால் நீந்தினான் என்று கேட்கிறீர்கள். என் படகின் பின்னால்தான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மற்றப் புள்ளிகளையும் பாருங்கள். இது பட்ட சைப்ரஸ் மரம். இது பழைய ரோட்டு வளைவு. இது வேலிக்கம்பம். இது படிகள். என் இடம் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நெல்டாவுக்கு இரை கோர்க்கக்கூடத் தெரியாது என்கிறீர்கள், அது எனக்கு எதற்கு? கடிகாரம் குறித்துக்கொண்டுதான் இருந்தது மேடம். நான் சந்தேகப்பட்டது சரிதான்.

பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கோர்ட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி இந்தப் படத்தை மாட்டிவிடாதீர்கள்.