வேட்டு எல்லை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் 'கல்லொலி' நாளிதழின் ஆசிரியர் உயர்திரு தசரதன் அவர்களே, பக்கத்தில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஜல்லிக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"சவுண்டா பேசும்மா, ஒண்ணும் கேக்கல" என்கிறார் பந்தல் ஓரத்தில் ஓர் அண்ணன். பேசுகிறேன் அண்ணா. மைக்கில் குறையில்லை. தள்ளி நிற்பது நான்தான்.

பத்தாண்டுக்கு முன், அறுபத்து நாலில், பூந்தமல்லிக்கு அப்பால் இந்தக் கல்குட்டைகளை விட்டால் நமக்கு என்ன இருந்தது? பள்ளி இருந்ததா? பஸ் நின்றதா? பாறைக்கு வேட்டு வைக்கும் சேதியைச் சொல்ல ஆள் இருந்ததா? கல் பறந்து வந்த பிறகல்லவா தெரிந்துகொண்டோம்! அந்த அச்சத்தில் பிறந்தது இந்த அச்சு ஏடு. காலால் மிதிக்கும் ஓர் எந்திரம், ஒற்றைத் தாள். தாளின் தலையில் தினமும் இரண்டே சொல்: 'வேட்டு எல்லை'. அதன் கீழே, அன்று எந்தக் குட்டையில் வெடியோ அந்தக் குட்டையின் பெயர். காலையில் கொட்டகை வாசலில் ஒருவர் உரக்கப் படிப்பார். அதைக் கேட்டு, மற்றக் குட்டைகளில்தான் நம் தாய்மார்கள் இறங்குவார்கள்.

அந்த ஈய அச்செழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோத்தவர் கன்னியப்பன்.

"இன்னாத்துக்கு அந்தாளு பேர இப்ப இஸ்க்கிற?" என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்காகத்தான் மேடை ஏறினேன் ஐயா.

இன்று வெளியாகும் நம் ஏட்டின் வரலாற்று மலரில், பதினேழாம் பக்கம் சொல்கிறது: 'சென்ற ஆடியில் கன்னியப்பனின் கவனக்குறைவால் "எல்லை", "இல்லை" ஆயிற்று.' 'வேட்டு இல்லை: கிழக்குக் குட்டை' என்று படிக்கக் கேட்டு ஒன்பது பெண்கள் அங்கே இறங்கினார்கள். வெடிக்கு முன் எச்சரிக்கக் கொடிக்காரர் ஊதிய விசில், ஜல்லி தட்டும் சத்தத்தில் கேட்கவில்லை. நாகவல்லி அக்காவின் கால் போயிற்று. அந்த ஒன்பது பேரில் என் அம்மா பஞ்சவர்ணமும் ஒருத்தி.

அந்தப் பிழை யாருடையது?

கல்லூரி முடித்து, இங்கே பிழை திருத்தச் சேர்ந்து எனக்கு அது நான்காம் நாள். மறுநாள் அம்மனுக்குக் கூழ். கூழ் ஊற்றும் நாளில் வேட்டு வைப்பதில்லை என்பது நம் வழக்கம். அந்த ஆண்டு லோடு அவசரம் என்று குட்டைக்காரர்கள் வழக்கத்தை மீறினார்கள். அது எனக்குத் தெரியாது. கைப்பழக்கத்தில் கன்னியப்பன் கோத்துவிட்டார் என்று நினைத்து, திருத்தத் தாளில் 'எ'வை அடித்து 'இ' போட்டேன்.

"இன்னாம்மா இது? எல்லைன்னுதானே போடுவோம்?" என்றார் கன்னியப்பன்.

"நாளைக்குக் கூழ் அண்ணே. வேட்டு ஏது?"

"படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆசிரியர் விசாரித்தபோது கன்னியப்பன் என் பெயரைச் சொல்லவில்லை. அவர் வேலை போனது. வாசலில் என்னிடம் சொன்னார்: "கம்முனு கெட. குட்டையிலேர்ந்து மேல ஏறுன மொத பொண்ணு நீ. மறுபடி எறங்காத."

நான் கம்மென்று இருந்தேன். அவர் இறங்கினார். இன்று கிழக்குக் குட்டையில் கல் உடைக்கிறார்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமேடி" என்கிறார் நாகவல்லி அக்கா. சொல்லியிருக்கலாம் அக்கா. பயந்துவிட்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, ஓர் எழுத்து மாறினால் உயிர் போகும் ஊரில், ஒரு பெயர் மாறினால் மட்டும் பரவாயில்லையா? பதினேழாம் பக்கத்தைத் திருத்துங்கள். அங்கே என் பெயரைப் போடுங்கள். நாளைய தாளைக் கன்னியப்பன் கோக்க வேண்டும். அதற்கு என் நாற்காலி காலியாக வேண்டுமென்றால், இதோ, எழுந்துதான் நிற்கிறேன்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.