இடது பக்கம் சாயற கப்பல்

வேண்டாம் ஓய், அவளை அடக்காதீர். திட்டட்டும். பின் பெஞ்சுல உக்காந்து டிராமே அதிர்ற மாதிரி கத்தறது என் ஆம்படையாள்தான். பாகீரதி. திட்டு வாங்கறது நான். உமக்கென்ன நஷ்டம்?

தமிழ்க் குரல் கேட்டு எழுந்து வந்தீராக்கும். சந்தோஷம். உக்காரும். வேஷ்டி சொட்டறது, தள்ளியே உக்காரும். சிரிக்கறேனா? ஆமா, சிரிக்கறேன். இந்த வயசுல கங்கையில விழுந்து எழுந்திருந்தா நீரும் சிரிப்பீர்.

மடியில இருக்கறதா? கப்பல். பொம்மைதான், அதுக்கென்ன? கப்பல் சாமான் இறக்கற ஜெட்டி ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தப்போ, உடைஞ்ச சாமான் பெட்டிப் பலகையைப் பேனாக்கத்தியால செதுக்கினேன். பாய் இவளோட அரக்குப் புடவைத் தலைப்பு. கேக்காம கிழிச்சேன். அன்னிக்கு வாங்கினேன் பாரும், அது திட்டு! அண்டாத் தண்ணியில விட்டா இடது பக்கமா சாயும். எங்க பொண்ணு ஜலஜா கை கொட்டுவா. அப்பா, கப்பலுக்குத் தூக்கம் வரதும்பா. நிமித்தித் தரேன்னா விடமாட்டா.

அவ போயிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு, காலரா. ம். விடும்.

கப்பல் மட்டும் கொலுவுல கீழ்ப்படியில உக்காரும். அதை விட்டா அவ ஞாபகமா ஆத்துல வேற ஒண்ணும் கிடையாது. இன்னிக்கு விஜயதசமியா? ராத்திரிதானே பொம்மையைப் படுக்க வைக்கணும்? எனக்கேது பொறுமை. மத்யானமே ஒண்ணைப் படுக்க வெச்சுட்டு நானும் படுத்துட்டேன். இவ கோவிலுக்குப் போயிருந்தா. எதிர்வீட்டு பெங்காலி, சாட்டர்ஜி, எட்டிப் பாத்திருக்கார். தங்கமான மனுஷர். அவாளுக்கு தசமின்னா அம்மனைக் கங்கையில கரைச்சாகணும். பொம்மை படுத்தாச்சு, பூஜை முடிஞ்சாச்சு, கிழவர் அலுத்துப்போய்த் தூங்கறார், பாவம், நாமே வழியனுப்பிடுவோம்னு கொலு மொத்தத்தையும் கூடையில வாரி, தன்னோட துர்கை வண்டியில ஏத்திண்டு மேளதாளத்தோட பாபுகாட் படித்துறைக்குக் கிளம்பிட்டார்! உதவி பண்ணினதா நெனப்பு. எப்படிக் கோவிச்சுக்கறது?

இவ வந்தா, காலிப் படியைப் பாத்தா, என்னைத் தட்டி எழுப்பினா. எதிர்வீட்டுல விஷயத்தைக் கேட்டுண்டு ஓடினோம்.

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள செட்டியார், செட்டிச்சி, தசாவதாரம் எல்லாம் கரைஞ்சாச்சு. மண்ணுதானே. மரம் கரையுமா? படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, இடது பக்கமா சாஞ்சுண்டு, ஒய்யாரமாப் போயிண்டிருக்கு ஓய்! இறங்கிட்டேன். நீச்சலா? எனக்கா? கழுத்தளவு தண்ணியில கப்பலைப் பிடிச்சேன், கால் வழுக்கித்து. ஒரு படகுக்காரன் குடுமியைப் பிடிச்சு இழுத்தான். ரெண்டு கையாலயும் கப்பலைப் பிடிச்சுண்டிருந்தேனே, வேற எதைப் பிடிப்பான்!

அப்போதான் படிக்கட்டுலேர்ந்து இவளோட சத்தம். ஏன்னா, நீச்சல் தெரியாத கிழத்துக்குக் கங்கை கேக்கறதா, என்னையும் தனியா விட்டுட்டுப் போகப் பாத்தேளேன்னு. சாட்டர்ஜியோட மேளமே நின்னுடுத்து! அங்கே ஆரம்பிச்சவதான். எங்க கொள்ளுத்தாத்தா வரைக்கும் இழுத்தாச்சு. தர்மதலா வரைக்கும் நடந்தோம், நிறுத்தலை. டிராம் ஏறினோம், நிறுத்தலை.

காது வலிக்கறதா? உமக்கு வலிக்கும். ஜலஜா போன அன்னிக்கு வாயை மூடினவ ஓய். என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. யார்கிட்டயும்தான். ரசம் வேணுமான்னு கேக்கணும்னாக்கூட, கரண்டியைத் தூக்கிக் காட்டுவா.

எங்களுக்கா? பவானிபூர்ல எறங்கணும். அது அப்பவே போயிடுத்து. திட்டற மும்முரத்துல அவ பாக்கலை. நீரும் சொல்லித் தொலைக்காதீர்.

கண்டக்டர்! கடைசி ஸ்டாப், டாலிகஞ்சுக்கு ரெண்டு.