ஹாலில் தொங்கும் மூட்டை

"எங்க வீட்டு ஹால்ல ஒரு உப்பு மூட்டை தொங்குதுக்கா," என்றாள் ஜன்னலோரப் பெண். மரக்காணத்தில் பஸ் ஏறியதிலிருந்து அவளும் பக்கத்துச் சீட்டு அக்காவும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"எதுக்குடி?"

"எங்க வீட்டுக்காரரு ஜிம்னாஸ்டிக் வளையம் மாட்டியிருக்காரு. அதுல தொங்கி உடம்பு ஏத்தணுமாம்."

"சீலிங் பேத்துக்கினு வந்துட்டா?"

"அதுக்குத்தான் மூட்டை. பூச்சுல இல்லாம பீம்லயே ட்ரில் போட்டு, உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்காத கொக்கியா மாட்டுனாரு. அவரு வெயிட்டைத் தாங்குமான்னு பாக்க, உப்பளத்து ஆளுங்க ரெண்டு பேரை வெச்சு மூட்டைய ஏத்துனாரு."

"தாங்குச்சா?"

"ஒரு வாரமா தாங்குது. ஈரக்காத்துல சொட்டுது, நான்தான் தொடைக்கிறேன்."

"எறக்கிட்டு அவரு தொங்க வேண்டியதுதானே?"

"மறுபடியும் ஆள் கூப்பிட வெக்கமாம். உடம்பு ஏறினதும் அவரே எறக்கிடுவாராம்."