காளான் வெந்த தண்ணி

— அம்மா, அப்பாவ எழுப்பும்மா.

— எதுக்குடி? மில்லுல ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டு இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு. பேசாம படு.

— தூக்கத்துல சிரிக்கிறாரும்மா. கை வெட்டி வெட்டி இழுக்குது. நான் உலுக்கினேன், கண்ணத் தொறந்து யாரு நீன்னு கேக்குறாரு.

— அசதில எனக்கே அப்படித்தான். தையல் கம்பெனில இருந்து வந்தா ராத்திரி பூரா கால் பெடல் மிதிக்கும்.

— திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. அடுப்பு மேல ஒரு சட்டில தண்ணி இருந்துச்சே, அத என்ன பண்ணின?

— காளான் வாசம் வந்துச்சு. வெங்காயம் போட்டு, மிளகு தட்டி சூப் வச்சேன். வெந்த தண்ணிலதான சத்து, அத யாராவது சாக்கடைல ஊத்துவாங்களா? காளான் எங்க, ஒத்தையா நின்னு முழுங்கிட்டியா?

— பயந்துட்டு குப்பைல போட்டுட்டேன். அது கடைல வாங்கினது இல்லம்மா. ஸ்கூலுக்குப் பின்னால பைன் மரத்தடில முளைச்சது. செவப்புத் தொப்பி, மேல பொரி ஒட்டின மாதிரி வெள்ளப் புள்ளி.

— அது விஷம்டி. சின்னப்புள்ள புக்குல படம் போட்டிருப்பாங்களே.

— தெரியும். தின்னா சுவரெல்லாம் மூச்சு விடும், நாம மிதப்போம்னு சோடாபுட்டி சொன்னா. என் கிளாஸ்ல படிக்கிறவ. ஒரு ராத்திரியாவது இந்த வீட்ட விட்டு மிதக்கணும்போல இருந்துச்சு. வேகவச்சா விஷம் கொறைஞ்சிடும்னும் அவதான் சொன்னா. எங்க கொறையுது, பாதி தண்ணில எறங்கிடுமாம். இப்பத்தான் போன்ல பாத்தேன். மொதல்ல உளறல், சிரிப்பு. அப்புறம் எழுப்பவே முடியாத தூக்கம்.

— இந்த வீட்ல அப்படி என்னடி உனக்கு... சரி, விடு. சண்ட போடக்கூட தெம்பில்ல. ஆம்புலன்ஸக் கூப்பிடு.

— கூப்பிட்டுட்டேன். வந்துட்டிருக்கு. எவ்வளவு உள்ள போச்சுன்னு கேக்குறாங்க.

— அரை டம்ளர். உப்பு தூக்கல்னு மூஞ்சியச் சுளிச்சு வச்சிட்டாரு.

— அவ்வளவுதானா? நெஜமாவா? அம்மா, எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னாங்க, வாந்தி வந்தா அடைச்சுக்கக் கூடாதாம். நீ தலையப் புடி, நான் காலப் புடிக்கிறேன். எந்திரிம்மா. ஏன் அப்படியே உக்காந்திருக்க?

— என் கால் எங்கன்னே தெரியலடி. மிச்சத்தக் கொட்ட மனசு வரல. சட்டியோட நான்தான் குடிச்சேன்.