மாட்டு, கழட்டு

— எனக்கு அதெல்லாம் சரியா ஞாபகம் இல்லடா. பிரேக் பிடிக்கலைன்னு நான் சொன்னேனா, இல்ல நீங்கல்லாம் சொன்னதுக்குத் தலையாட்டினேனான்னுகூடத் தெரியல.

— நீ ஞாபகம் வெச்சுக்கவே வேண்டாம்க்கா. இந்தப் பெட்டி வெச்சிருக்கு. பழைய இரும்புக்கடைக்காரன் மோதின காரை உடைக்கறதுக்குள்ள ஸ்டியரிங் அடியிலேர்ந்து பிடுங்கிட்டு வந்துட்டேன்.

— அது இன்னும் உயிரோட இருக்கா?

— என் கையால ஈயம் வெச்சு ஒட்டினது, சாகுமா? கார் எப்ப எப்பக் கிளம்புச்சோ அப்பல்லாம் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், ஏன், கதவு திறந்தாக்கூட சென்சார் சொல்லச் சொல்லப் பதிஞ்சிருக்கு. அந்த மெக்கானிக் இனிமே ஸ்பேனரைத் தொடக் கூடாது, கேட்டியா. மச்சானைக் கொன்னுட்டு, 'பிரேக்கை ஒழுங்காத்தான் மாட்டினேன்'னு ஊரெல்லாம் அழுதுட்டுத் திரியறான்.

— அவன் கடையைத்தான் பூட்ட வெச்சுட்டியே. போகட்டும் விடு.

— கடை போதாது. ஆளே உள்ள போகணும். நாளைக்கு வக்கீல் கையில இதைக் கொடுக்கறேன். ஓட்டினவ நீ. பழி உன் தலையில விழக் கூடாது.

— அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருக்காடா.

— உனக்குப் புருஷன் இல்லையே! மச்சான் எனக்கு என்ன குறை வெச்சார்? இந்த லேப்டாப்கூட அவர் வாங்கிக் கொடுத்தது. அவரைக் கொன்னவனை விடமாட்டேன்.

— யாரா இருந்தாலுமா?

— யாரா இருந்தாலும். இரு, திரையில கோடெல்லாம் வந்துடுச்சு. இதோ, மரத்துல மோதின இடம். என்னக்கா இது?

— என்ன?

— பிரேக் கோடு தரையோட கிடக்கு. பிடிக்காத பிரேக்கா இருந்தாலும் கால் பட்டாலே ஏறுமே. நீ மிதிக்கவே இல்லையா?

— ம்.

— ஆக்சிலரேட்டர்தான் முழுசா மிதிபட்டிருக்கு. பதட்டத்துல கால் மாறிடுச்சு. அப்படித்தானே? சொல்லுக்கா, கால்தானே மாறிடுச்சு?

— மேல இன்னொரு கோடு இருக்குமே.

— அது பெல்ட்.

— ஆமாம். பெல்ட்டை மாட்டினா இந்தப் பெட்டியில எந்த நம்பர் மாறுதுன்னு கண்டுபிடிக்க, ஒரு சாயங்காலம் முழுக்க என்னை டிரைவர் சீட்ல உட்கார வெச்சியே. 'அக்கா மாட்டு, அக்கா கழட்டு, இப்ப அங்கேர்ந்தே பக்கத்து சீட்டு பெல்ட்டு'ன்னு. நீ திரையையே பார்த்துட்டிருந்த. பார்க்காமலே கழட்ட என் விரல் அங்கதான் பழகுச்சு.

— உன் பெல்ட் கடைசி வரைக்கும் மாட்டித்தான் இருக்கு.

— அவரோடது?

— இரு, பார்க்கறேன்.

— சத்தமாப் படிடா.

— கழண்டிருக்கு. மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுக்கப்புறம்தான் ஆக்சிலரேட்டர்.

— குடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்தார். 'டிக்'குனு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நல்லாப் பார்க்கட்டும்னு விட்டுத்தான் மிதிச்சேன்.

— ஏன்க்கா?

— கை ஒடிஞ்சு இந்த வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, அப்ப நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

— அவர் போன்ல அழுதாருக்கா. இனிமே அடிக்க மாட்டேன்னார்.

— அதனால மாவுக்கட்டோட என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்த. அதே கார்ல. அடுத்த வாரம் உனக்கு லேப்டாப் வந்துச்சு.

— இதை அழிச்சுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். பெட்டியையே உடைச்சுடறேன்.

— தொடாதே. மெக்கானிக்கைப் பார்த்து, உன்மேல தப்பில்லைன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன், நாளைக்குக் கடையைத் திறப்பான். உன் மச்சான் போய்ச் சேர்ந்தாச்சு. நான் இப்படியே ஸ்டேஷனுக்குப் போறேன். நீ மட்டும் இங்கயே உட்காரு. என்னைக் கொண்டுபோய் விட்டியே, அந்த நாளும் இதுக்குள்ளதான் இருக்கும். தேடி எடு. நடுவழியில என் பக்கத்துக் கதவு திறந்திருக்கும், நான் குதிக்கப் பார்த்த இடம். அப்ப நீ மிதிச்சது பிரேக்கா, ஆக்சிலரேட்டரான்னு மட்டும் பார்த்து வெச்சுக்கோ.